விமானம் கூடுது, வழித்தடம் கூடுதா? திருவனந்தபுரம், கொச்சி பக்கம் பறக்கிறவங்களோட பார்வை

நாஞ்சில்_காக்பிட்

2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் போட்டது. அதே வருஷம் ஜூன்ல இண்டிகோ 500. 2024 ஜனவரியில் ஆகாசா இன்னும் 150. இந்த எண்களைப் பார்த்துட்டு நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பல வீடுகளில் ஒரே கேள்விதான்: இவ்வளவு விமானம் வருதே, பைலட்டுக்கு நல்லதுதானே? வெளிநாட்டு ரூட் நிறைய கிடைக்குமே?

ஆர்டர் எண்ணிக்கையை வச்சு ஒரு பைலட்டோட மாசத்தைக் கணிக்க முடியாது. ஒரு விமானத்துக்கு எத்தனை செட் பைலட் வச்சிருக்காங்க, அது எந்த மணிக்குக் கிளம்புது, இது ரெண்டும்தான் அவன் வாழ்க்கையைத் தீர்மானிக்குது.

கணக்கு இப்படி. ஒரு ஏ320 (நடுவில் ஒரே நடைபாதை உள்ள, ‘குறுகிய உடல்’ விமானம்) நாளைக்கு 13 மணி நேரம் பறக்குதுன்னு வைங்க. வருஷத்துக்கு 4,745 மணி. ஒரு பைலட்டுக்கு டிஜிசிஏ (விமானத் துறையைக் கட்டுப்படுத்துற அரசு அமைப்பு) வரம்பு 365 நாளில் 1,000 மணி. லீவு, சிமுலேட்டர், மெடிக்கல், ஸ்டாண்ட்பை எல்லாம் போக 800 மணிதான் நடைமுறைக்கு வரும். 4,745-ஐ 800-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 6 செட். ஒரு செட்டுக்கு கேப்டன் ஒண்ணு, ஃபர்ஸ்ட் ஆபீசர் ஒண்ணு. ஆக 12 பேர். இதில் 5 செட்தான் வச்சிருக்காங்கன்னா ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு 950 மணி பறக்கணும், அதாவது வரம்பின் விளிம்பிலேயே ஓடணும். புது விமானம் வர வர இந்த விகிதம் 6-ல நிக்குதா, 5-க்கு இறங்குதான்னு பாருங்க. விமான எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம்.

ரூட் விஷயத்துக்கு வாறேன். திருவனந்தபுரத்தில் இருந்து வளைகுடா தவிர மாலே, சிங்கப்பூர், கோலாலம்பூர் மாதிரி சில ஊர்கள்தான். இங்கே பேஸ் (பணி தொடங்கி முடியுற ஊர்) உள்ள ஒரு பைலட்டுக்குப் பெரும்பாலும் மேற்கே அரபிக்கடலைத் தாண்டிப் போய்ட்டு வாறதுதான் வேலை. இது மாறுமா? மாறினா நல்லதா? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க.

பாறசாலை_ரோஸ்டர்

நல்ல தொடக்கம். ரோஸ்டர் போடுற பக்கத்தில் இருந்து சொல்றேன்.

வளைகுடா இரவு டர்ன்அரவுண்ட், அதாவது போய் உடனே திரும்பறது, இன்னைக்கு விதிக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் நசுங்கி நிக்குது. டிஜிசிஏ-வின் திருத்தப்பட்ட எஃப்டிடிஎல், அதாவது பைலட்டோட பணி நேர, ஓய்வு விதி, 2024 ஜனவரியில் வந்தது. நடைமுறைக்கு வந்தது இரண்டு கட்டமாக: 2025 ஜூலை 1, நவம்பர் 1. வார ஓய்வு 36-ல் இருந்து 48 மணி. ‘இரவு’ என்பது 00:00 முதல் 06:00 வரை (முன்பு 05:00 வரை). இரவைத் தொடும் பணியில் இரண்டு பைலட்டுக்குப் பறக்கும் நேரம் 8 மணி, பணி நேரம் 10 மணி, இறங்கல் 2.

இதைத் துபாய் ரூட்டில் போட்டுப் பாருங்க. இரவு 21:00 ரிப்போர்ட்டிங், 22:00 கிளம்பல். போக 4:00. அங்கே தரையில் 1:00. திரும்ப 3:45. காலை 06:45-க்கு திருவனந்தபுரத்தில் விமானம் நிறுத்துற இடத்தில் நிக்கணும். பறந்தது 7:45, பணி 9:45. இரண்டிலும் மிச்சம் 15 நிமிஷம். குளிர்காலத்தில் எதிர்க்காற்று பலமாகி போகிற நேரம் 4:15 ஆச்சுன்னா அந்த 15 நிமிஷமும் காலி.

எதிர்பாராத தாமதத்துக்கு நீட்டிக்க விதியில் இடம் உண்டு. ஆனா அது கேப்டன் சம்மதிச்சாத்தான், அதுக்குப் பிறகு ஓய்வும் கூடும். திட்டம் போடும்போதே நீட்டிப்பை நம்பிப் போடக் கூடாது. அப்படிப் போட்டா மாசத்தில் எத்தனை தடவை நீட்டிச்சாங்கன்னு பார்த்தாலே அந்த ரோஸ்டர் பொய்யின்னு தெரிஞ்சுரும்.

ரியாத், குவைத், ஜித்தா எல்லாம் இரவில் டர்ன்அரவுண்டா நினைக்கவே முடியாது. ஒரு பக்கமே 5 மணியை ஒட்டும், சிலதில் தாண்டும், போக வர 9 மணிக்கு மேல ஆகும். அங்கே நைட்ஹால்ட், அதாவது இரவுத் தங்கல், போட்டே ஆகணும். நைட்ஹால்ட் போட்டா ஹோட்டல், குறைஞ்சது 12 மணி ஓய்வு, அடுத்த நாள் வேறொரு விமானத்தில் திரும்பல். ஒரு நாள் வேலை இரண்டு, மூணு நாளாகும். நாஞ்சில் சொன்ன 6 செட் இந்த ரூட்டில் 7-ஐ நெருங்கும். இந்தக் கணக்கைப் போடாம விமானத்தை வாங்கி ரூட்டை அறிவிச்சா என்ன ஆகும்னு 2025 டிசம்பரில் நாடே பார்த்தது. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. விமானம் இருந்தது, ரன்வே இருந்தது, விதிப்படி ஓய்வு முடிச்ச பைலட் போதலை.

வாளையார்_கேப்டன்

ரோஸ்டர் நண்பரின் கணக்கு சரி. ஒன்று சேர்க்கிறேன். பயணிகளுக்கு இரவு விமானம் வசதி: வேலை முடித்து ஏறலாம், விடியலில் வீடு. விமானத்தை வைத்திருப்பவருக்கும் வசதி: பகலில் உள்நாடு, இரவில் வளைகுடா என ஒரே விமானத்தை 13, 14 மணி ஓட்டலாம். பைலட்டுக்கு மட்டும் அது உடலின் தாழ்ந்த நேரம். விதியில் 02:00 முதல் 06:00 வரை என்று குறிக்கப்படும் அந்த நான்கு மணி நேரத்தில்தான் துபாய் தரையில் செக்லிஸ்ட் வாசிப்பதும், அரபிக்கடல் மேல் கண் விழித்திருப்பதும் வருகின்றன. அது முடிந்த கையோடு திருவனந்தபுரத்தின் 32-ஆம் ரன்வேயில் இறங்க வேண்டும். நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான் என்பதால் உடல் வீட்டு நேரத்திலேயே இருக்கும். அமெரிக்கா போய் இரண்டு நாள் தங்கி வருபவருக்கு ஜெட்லாக் இருக்கிறது, அதற்கென ஓய்வும் விதியில் இருக்கிறது. இரவு டர்ன்அரவுண்ட் களைப்பு அப்படி எதிலும் பதிவாகாது. அதுதான் ஆபத்து.

அதனால் ரூட்டில் பல வகை வேண்டும் என்று பைலட்டுகள் கேட்கும்போது ஊர் சுற்றும் ஆசை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதத்தில் இரண்டு இரவு வளைகுடா, இரண்டு பகல் மாலே, ஒரு நைட்ஹால்ட், மீதி உள்நாடு என்று கலந்து வந்தால் உடல் தாங்கும். ஒரே வகை வேலையே மாதம் முழுக்க வந்தால் 1,000 மணி வரம்புக்குள் இருந்தாலும் ஆள் தேய்ந்துவிடுகிறான்.

கொல்லங்கோடு_சிபிஎல்

அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். புதுசா தொடங்கின ஏர்லைன் உடனே வெளிநாடு போக முடியுமா? இல்ல வருஷக்கணக்கில் உள்நாடு மட்டும்தானா?

நாஞ்சில்_காக்பிட்

தம்பி, முன்னாடி 5/20 விதி இருந்தது. 5 வருஷம் உள்நாட்டு சேவை, 20 விமானம். 2016 விமானப் போக்குவரத்துக் கொள்கையில் 5 வருஷத்தை எடுத்துட்டாங்க. இப்போ 20 விமானம் அல்லது மொத்தக் கொள்ளளவில் 20 சதவீதம், இதில் எது கூடுதலோ அதை உள்நாட்டில் ஓட்டணும். ஆகாசா 2022 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 20-வது விமானத்தை வாங்கி, 2024 மார்ச் 28-ல் மும்பை–தோஹா போட்டது அப்படித்தான். அதனால ஒரு சின்ன ஏர்லைனில் 17, 18, 19-வது விமானம் எப்போ வருதுங்கிறது அங்கே உள்ள பைலட்டுக்கு ரொம்ப முக்கியம். எண்ணிக்கை நேரடியா ரூட்டைத் திறக்கிற ஒரே இடம் அது. 20-ஐத் தாண்டின பிறகு எண்ணிக்கைக்கும் ரூட்டுக்கும் உறவு தளர்ந்துரும்.

ஏன் தளருதுன்னா, இருநாட்டு ஒப்பந்தம். துபாய் ரூட்டில் ஒவ்வொரு நாட்டு ஏர்லைன்களுக்கும் வாரத்துக்கு சுமார் 65,000 இருக்கைதான், பத்து வருஷத்துக்கு மேலா பெரிசா மாறலை. கண்ணூர் 2018 டிசம்பர் 9-ல திறந்தாச்சு, 3,050 மீட்டர் ரன்வே இருக்கு. ஆனா வெளிநாட்டு ஏர்லைன்கள் வந்து போக அனுமதிக்கப்பட்ட ஊர்ப் பட்டியலில் அது இல்லை. இந்திய ஏர்லைன் மட்டும்தான் அங்கிருந்து வெளிநாடு போகலாம். கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்ட் விபத்துக்குப் பிறகு அகல உடல் விமானத்துக்கு (ரெண்டு நடைபாதை உள்ள பெரிய விமானம்) தடை. மேசை போல மலை உச்சியில் உள்ள ரன்வே, முனையில் பாதுகாப்புப் பரப்பு 240 மீட்டர் வேணும், அதுக்கு மண் நிரப்பி நீட்டணும். விமானம் வாங்கினா மட்டும் இதில் எதுவும் சரியாகாது.

குழித்துறை_ஏஎம்இ

ஹேங்கர் பக்கம் இருந்து. விமான எண்ணிக்கைன்னு பத்திரிகையில் வாறதும், காலையில் பறக்கத் தயாரா லைனுக்கு வாறதும் வேற வேற.

ஏ320நியோ குடும்பத்தில் வாற பிராட் அண்ட் விட்னி பிடபிள்யூ1100ஜி இன்ஜினை எடுங்க. 2015 கடைசியில் இருந்து 2021 வரை செய்த உலோகத்தூளில் கலப்படம் இருந்ததுன்னு 2023 ஜூலையில் வெளியே வந்தது. அந்தத் தூளில் செய்த உயர் அழுத்த டர்பைன் டிஸ்க்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வரலாம். இன்ஜினை இறக்கி, பிரிச்சு, டிஸ்க்கை அல்ட்ராசானிக்ல பார்க்கணும். வேலையை விட வரிசையில் நிக்கிறதுதான் நீளம். இறக்கின நாளில் இருந்து திரும்ப ஏத்தறதுக்கு 250 முதல் 300 நாள். நல்ல விமானம், இறக்கையில் இன்ஜின் இல்லாம, காத்துப் புகாம துணி கட்டி, ஓரமா நிக்கும். அதுக்காக எடுத்த பைலட்டும் நிப்பான். பறக்கும் நேரத்தை வச்சு சம்பளம் வாங்கறவனுக்கு அது நேரடி அடி.

போயிங் பக்கமும் அதே கதைதான். 2024 ஜனவரி 5-ல் அமெரிக்காவில் ஒரு 737 மேக்ஸ் 9-ல் கதவு அடைப்பு பறந்து போனதுக்கு அப்புறம் மாசத்துக்கு 38 விமானத்துக்கு மேல செய்யக் கூடாதுன்னு எஃப்ஏஏ, அதாவது அமெரிக்காவோட டிஜிசிஏ, கட்டிப்போட்டது. 2025 அக்டோபரில்தான் 42 ஆச்சு. நடுவில் வேலைநிறுத்தம் வேற. பைலட்டுக்கு டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுறதுக்கான தகுதி) முடிச்சு, விமானம் வரலைன்னா, 90 நாளில் 3 டேக்-ஆஃப் 3 லேண்டிங் விதி அவனைப் பிடிக்கும். திரும்ப சிமுலேட்டர்.

ஒரே குடும்ப விமானமா வாங்கிக் குவிச்சா பைலட் மாத்தறது, ஸ்பேர் வைக்கிறது எல்லாம் எளிது. ஆனா ஒரு உத்தரவு வந்தா மொத்தமும் நிக்கும். 2025 நவம்பர் கடைசியில் ஏ320 குடும்பத்தில் இஎல்ஏசிங்கிற பறப்புக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்த அவசர உத்தரவு உலகம் முழுக்க சுமார் 6,000 விமானத்தைத் தொட்டது. பெரும்பாலானதுக்கு பழைய மென்பொருளைத் திரும்ப ஏத்தினா போதும், சில மணி நேர வேலைதான். ஆனாலும் ஒரே ராத்திரியில் எல்லா விமானத்துக்கும் செய்யணுமே.

ரோஸ்டர் அண்ணன் சொன்ன 15 நிமிஷ மிச்சத்தை வளைகுடா வெயில் எப்படித் தின்னுதுன்னு சொல்றேன். ஏ320-ல் பிரேக் 300 டிகிரிக்கு மேல இருந்தா டேக்-ஆஃப் கூடாது. பிரேக் ஃபேன் ஓடிட்டு இருந்தா சென்சார் உண்மையை விடக் குறைச்சுக் காட்டும், அதனால அப்போ வரம்பு 150. ஜூலையில் துபாய் தரையில் 42, 43 டிகிரி. கனமா வந்து, சீக்கிரம் ரன்வேயை விட்டு வெளியேறணும்னு பிரேக்கை அழுத்தினா 400-ஐத் தாண்டும். ஃபேன் இல்லாத விமானம்னா ஒரு மணி நேரத்தில் ஆறாது. இரவிலும் 30-ஐ ஒட்டியே நிக்கிற ஊர் அது. இன்ஜின் ரிவர்ஸை (காற்றை முன்பக்கமாத் தள்ளி வேகம் குறைக்கிறது) முழுசா எடுத்து, கடைசி எக்ஸிட் வரைக்கும் ஓட விட்டா பிரேக் 250 சுத்தில் நிக்கும். ரன்வேயில் கூட 20 விநாடி போகும், தரையில் 20 நிமிஷம் மிச்சமாகும்.

வாளையார்_கேப்டன்

பிரேக் பற்றிய குறிப்பு அருமை. பின்னால் ஒரு விமானம் நெருங்கி வந்துகொண்டிருந்தால் டவர் சீக்கிரம் வெளியேறச் சொல்லும். அதனால் ‘கடைசி எக்ஸிட் வேண்டும்’ என்று அப்ரோச்சிலேயே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

தக்கலை_டிஸ்பாட்ச்

மழைக்காலத்தைப் பத்தி யாரும் இன்னும் பேசலை. நம்ம பக்கத்து வெளிநாட்டு ரூட்டில் பைலட்டுக்கும் டிஸ்பாட்சருக்கும் (பயணத் திட்டமும் எரிபொருள் கணக்கும் போடுறவர்) அதிக வாக்குவாதம் வாறது அங்கேதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு, கண்ணூர் நாலும் ஒரே கடற்கரையில், ஒரே மேகத்துக்குக் கீழே. ஒண்ணு மூடினா மத்ததும் மூட வாய்ப்பு. 2015 ஆகஸ்டில் தோஹாவில் இருந்து வந்த ஒரு விமானம் கொச்சியில் மூணு தடவை இறங்கப் பார்த்து முடியாம, திருவனந்தபுரம் வந்து, அங்கேயும் பல தடவை முயன்று, எரிபொருள் வற்றும் நிலையில் இறங்கியது. அதில் இருந்து பாடம் தெளிவு: மழைக்கால மாற்று விமான நிலையம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருக்கணும். கோயம்புத்தூர், திருச்சி, பெங்களூரு, சென்னை.

சொல்லறது எளிது, எடை இடிக்கும். ஏ320நியோவில் எல்லாரும் டேக்-ஆஃப் எடை 79 டன்னைத்தான் பார்ப்பாங்க. துபாயில் இருந்து திரும்பி வரும்போது இடிக்கிறது இறங்கும் எடை, 67.4 டன். எரிபொருள் இல்லாத எடையின் உச்சம் 64.3 டன். வளைகுடா விமானத்தில் எல்லாரும் 30 கிலோ பெட்டியோடதான் வருவாங்க, அதனால அந்த 64.3-ஐத் தொட்டுரும். மிச்சம் எவ்வளவு? 3.1 டன். இறங்கும்போது டாங்கில் அதுக்கு மேல எரிபொருள் இருக்கக் கூடாது.

இப்போ மாற்று கோயம்புத்தூர்னா அங்கே போக ஏறத்தாழ 1.5 டன், அரை மணி நேர இறுதி இருப்பு 1.1 டன், வழியில் செலவாகாத தற்செயல் இருப்பு 0.4 டன். மொத்தம் 3.0. சரியா உட்காருது. கோயம்புத்தூரும் மோசம், சென்னைதான் மாற்றுன்னு கேப்டன் சொன்னா, போக 2.5 டன் ஆகும். மொத்தம் 4.0. இருக்கலாம்ங்கிற 3.1-ஐ விட 900 கிலோ கூடுதல். 25 கிலோ பெட்டியாப் பார்த்தா 36 பெட்டி. துபாயில் இறக்கி வச்சுட்டு வரணும். மறுநாள் பேக்கேஜ் பெல்ட்டில் 36 குடும்பம் கையைப் பிசைஞ்சுட்டு நிக்கும். அவங்க கோபம் நியாயம். கேப்டன் செஞ்சதும் சரி. தப்பு, ஜூலையிலும் ஜனவரியிலும் ஒரே அளவு பெட்டியை வித்தவங்க மேல.

இதுக்கு ஏ321நியோ நல்ல தீர்வு. இறங்கும் எடை வரம்பே கூடுதல். அதனால எங்களுக்கு ‘எத்தனை விமானம்’ங்கிறதை விட ‘எந்த விமானம் எந்த ரூட்டுக்கு’ங்கிறதுதான் கேள்வி.

இன்னொண்ணு, திருவனந்தபுரத்துக்கே உரியது. பங்குனி ஆராட்டு, ஐப்பசி ஆராட்டு ரெண்டு நாளும் பத்மநாபசுவாமி ஊர்வலம் ரன்வேயைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். மாலையில் சில மணி நேரம் ரன்வே மூடியிருக்கும், நோட்டாம், அதாவது பைலட்டுகளுக்கான அறிவிப்பு, முன்கூட்டியே வரும். புதுசா அட்டவணை போடுற வெளியூர்க்காரங்க இதை விட்டுருவாங்க. அன்னைக்கு மாலை விமானம் இரவுக்குத் தள்ளினா, பகல் பணியா இருந்தது இரவைத் தொட்டு, 10 மணி வரம்புக்குள் விழுந்துரும். ஒரு கோயில் ஊர்வலத்துக்காக விமான நிலையமே வழிவிடுறது நம்ம ஊர்ப் பெருமை. திட்டம் போடுறவங்களும் அந்த மரியாதையைக் காலண்டரில் காட்டணும்.

செங்கோட்டை_787

அகல உடல் பக்கத்தையும் பதிவு செய்கிறேன், ஏனென்றால் இளைஞர்கள் பலருக்கு அதுவே கனவு.

நாளைக்கு 15 மணி பறக்கும் ஒரு நீண்ட தூர விமானம் வருடத்துக்கு 5,475 மணி. நான்கு பைலட் தேவைப்படும் ரூட் என்றால் 21,900 பைலட்-மணி. 800-ஆல் வகுத்தால் 27 பேர். குறுகிய உடலுக்கு 12, இதற்கு 27. ஏர் இந்தியாவின் 470-ல் ஏ350 நாற்பது, 787-9 இருபது, 777எக்ஸ் பத்து. எண்ணிக்கையில் இவை சிறுபான்மை. பைலட் தேவையிலும், ஏ320-ல் இருந்து மேலே நகரும் வாய்ப்பிலும் இவற்றின் எடை பெரிது. ஏ320-ல் இருந்து ஏ350-க்குப் போக முழு டைப் ரேட்டிங் பயிற்சி வேண்டியதில்லை. காக்பிட் தத்துவம் ஒன்றே என்பதால் சுருக்கப்பட்ட மாற்றுப் பயிற்சி போதும்.

இதன் இழப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாதம் 80 மணி, ஒரு பயணம் 14, 15 மணி. ஆக மாதத்துக்கு ஐந்து, ஆறு பயணம். நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு இரண்டு லேண்டிங் கிடைத்தால் அதிகம். ஒரு மாதம் லீவு எடுத்தால் 90 நாளில் 3 என்ற விதியைத் தொடவே சிமுலேட்டருக்குப் போக வேண்டும். ஏ320-ல் கொச்சி, கண்ணூர், பெங்களூரு என்று சுற்றுபவர் அதை ஒரே நாளில் முடித்துவிடுகிறார். கையால் விமானத்தை இறக்கும் பழக்கம் மழைக்காலக் குறுக்குக்காற்றில் வருகிறது. பசிபிக் மேல் 37,000 அடியில் வராது. 1,500 மணி கூட ஆகாத ஃபர்ஸ்ட் ஆபீசர் நேராக நீண்ட தூரத்துக்குப் போவதை நான் விரும்பவில்லை.

நீண்ட தூரம் பறக்கும் ஒற்றை நடைபாதை விமானமான ஏ321எக்ஸ்எல்ஆர் பற்றி. 4,700 கடல் மைல், 8,700 கி.மீ. என்று ஏர்பஸ் சொல்கிறது. பின்புற டாங்கில் மட்டும் 12,900 லிட்டர். டேக்-ஆஃப் எடை 101 டன். ‘இனி கொச்சியில் இருந்தே லண்டன்’ என்று பலர் எழுதுகிறார்கள். நேர்கோட்டிலேயே 8,000 கி.மீ.க்கு மேல். போகும்போது எதிர்க்காற்று, வான்வெளி மூடலால் சுற்று, மாற்று நிலைய எரிபொருள் எல்லாம் சேர்த்தால் பயணிகளைக் குறைக்காமல் அது நடக்காது. இதற்கு நல்ல இடம் நைரோபி, இஸ்தான்புல், பாலி போன்ற ஊர்கள்: அகல உடல் விமானம் நிரம்பாது, சாதாரண ஏ320-க்கு நீண்ட தூரம். கொச்சி–லண்டன் நேரடி சேவை 2025 மார்ச் கடைசியில் நின்றபோது எழுந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. அதை எக்ஸ்எல்ஆர் தீர்க்கும் என்று நம்ப வைப்பது சரியல்ல.

பைலட்டுக்கு இன்னொரு கேள்வி அதில் இருக்கிறது. இரவில் 8 மணியைத் தாண்டினால் மூன்றாவது பைலட் வேண்டும். அகல உடலில் படுக்கை உண்டு. ஒற்றை நடைபாதை விமானத்தில் பயணிகள் இருக்கை ஒன்றைத்தான் ஒதுக்க முடியும். இருக்கையில் எடுக்கும் ஓய்வுக்கு விதி குறைந்த மதிப்பே தருகிறது, அது சரிதான். பக்கத்தில் குழந்தை அழுதால் தூக்கம் ஏது? திரைச்சீலையும் சாயும் இருக்கையும் இல்லாத எக்ஸ்எல்ஆர் நீண்ட இரவு ரூட்டுக்கு ஏற்றதல்ல என்பதைப் பைலட் சங்கங்கள் இப்போதே எழுத்தில் சொல்ல வேண்டும்.

நாஞ்சில்_காக்பிட்

எக்ஸ்எல்ஆர் ஆப்பிரிக்கா போகும்னா இடிடிஓ-வும் வரும், அதாவது ரெண்டு இன்ஜின் விமானம் மாற்று நிலையத்தை விட்டு வெகுதூரம் போறதுக்கான அனுமதி. ஒரு இன்ஜினில் 60 நிமிஷத்தில் எட்டும் தூரம் ஏ320-க்கு ஏறத்தாழ 400 கடல் மைல். வளைகுடா ரூட்டில் மும்பை ஒரு பக்கம், மஸ்கட், சலாலா மறுபக்கம் இருக்கிறதால பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளேயே ஓடிரலாம். நைரோபிக்கு நேரா கோடு போட்டா நடுக்கடலில் வட்டம் உடையும். ஏர்லைனுக்கு அந்த அனுமதி, விமானத்துக்கு அதுக்கான பராமரிப்பு, பைலட்டுக்குப் பயிற்சி மூணும் வேணும். கிளம்பறதுக்கு முன்னாடி வழியில் உள்ள மாற்று நிலையங்களோட வானிலையும் வேலை நேரமும் பார்க்கணும். புது ரூட் அறிவிப்புக்கும் முதல் விமானத்துக்கும் நடுவில் மாசங்கள் போறது இதனாலதான்.

கொல்லங்கோடு_சிபிஎல்

எல்லாம் படிச்சேன். நான் 200 மணி முடிக்கப் போறேன், பேப்பர் எல்லாம் பாஸ். இப்போ வேலைக்குச் சேரும்போது என்ன கேட்கணும்? பெரிய ஆர்டர் உள்ள இடமா, சின்ன இடமா?

வாளையார்_கேப்டன்

தம்பி, வளர்கிற இடத்தில் கேப்டன் ஆவது வேகம். கேப்டனாகத் தேவையான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி, கேப்டன் பயிற்சிக்குப் பெரும்பாலும் 2,500, 3,000 மணி கேட்பார்கள். வருடம் 800 மணி என்றால் நான்கு வருடத்தில் மணி நேரம் சேர்ந்துவிடும். மணி சேர்வதும் இடம் காலியாவதும் வேறு. விமானம் வராவிட்டால் இடது இருக்கை காலியாகாது. எனவே ஆர்டரை விடு. கடந்த 12 மாதத்தில் எத்தனை விமானம் உண்மையில் வந்தது, எத்தனை பேரை கேப்டனாக உயர்த்தினார்கள் என்று கேள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: டைப் ரேட்டிங் செலவு யாருடையது, பாண்ட் (விலகாமல் வேலை செய்ய வேண்டிய காலம்) எத்தனை வருடம், அது பயிற்சி முடிந்த நாளில் தொடங்குகிறதா, லைன் ரிலீஸ் ஆகி வழக்கமான பணிக்கு விடப்பட்ட நாளில் தொடங்குகிறதா. விமானம் வராமல் எட்டு மாதம் காத்திருந்தால் அந்த எட்டு மாதம் பாண்டில் கழியுமா? குறைந்தபட்ச மணி நேரச் சம்பள உத்தரவாதம் எவ்வளவு? இதோடு டிஜிசிஏ விதிப்படி 2017 முதல் நோட்டீஸ் காலம் கேப்டனுக்கு 1 வருடம், கோ-பைலட்டுக்கு 6 மாதம். பாண்ட் தீர்ந்தாலும் இது இருக்கும். அப்பாவிடம் வீட்டுப் பத்திரத்தை வாங்கி வங்கிக்குப் போகும் முன் இந்தப் பக்கங்களை ஒரு வக்கீலிடம் காட்டு. தொகை ஒரு கோடியை ஒட்டியது.

பாறசாலை_ரோஸ்டர்

மக்கா, அங்கே வேலை செய்யற ஒருத்தர்கிட்ட ஒரு மாச ரோஸ்டர் கேட்டு வாங்கு, பேரை அழிச்சுட்டுத் தரச் சொல்லு. 00:00–06:00-ஐத் தொடுற பணி எத்தனைன்னு எண்ணு. பிறகு வார ஓய்வு 48 மணி எங்கே உட்கார்ந்திருக்குன்னு பாரு. காலை 7 மணிக்கு இரவு டர்ன்அரவுண்ட் முடிச்சு அந்த நிமிஷத்தில் இருந்தே 48 மணி எண்ணியிருந்தா, முதல் பகல் தூக்கத்தில் போயிரும். விதிக்கு உட்பட்டதுதான், ஆனா நல்ல ரோஸ்டர் இல்லை.

அப்புறம் பேஸ். திருவனந்தபுரம் பேஸ்னு வேலை நியமன ஆர்டரில் இருக்கணும். ‘கம்பெனி தேவைக்கேற்ப’ன்னு மட்டும் இருந்தா, நீ டெல்லியில் வாடகை வீட்டில் இருந்து துபாய் போவே.

கொல்லங்கோடு_சிபிஎல்

சரி அண்ணே. இரண்டு இடத்து ரோஸ்டர் கிடைக்கும்னு நினைக்கேன். எண்ணிட்டு இங்கேயே போடுறேன்.

பாறசாலை_ரோஸ்டர்

எண்ணும்போது டிஎச்னு போட்ட வரிகளையும் விட்டுராதே. அது பயணியா உட்கார்ந்து வேற ஊருக்குப் போறது. பறந்த மணியில் வராது, அதனால சம்பளக் கணக்கிலும் பல இடத்தில் முழுசா வராது. ஆனா பணி நேரத்தில் வரும். அதுக்குப் பிறகு உடனே விமானம் ஓட்டணும்னா அந்த 10 மணியும் டிஎச் தொடங்கின நேரத்தில் இருந்தே ஓடும். ஒரு மாசத்தில் நாலுக்கு மேல இருந்தா, அந்த பேஸில் பைலட் எண்ணிக்கையும் விமான எண்ணிக்கையும் பொருந்தலைன்னு அர்த்தம்.